நோன்பு கெடாத ஊசி

நோவி சாத்
14 ஏப்ரல்

அன்புள்ள சோரிட்சா,

தனக்கு நம்பிக்கையே இல்லாத ஒரு காரியத்தில் பொய்யாக நடந்துகொண்டதற்காக ஒருத்தி வெட்கப்பட முடியுமா? உங்கள் மடத்திலிருந்து திரும்பியது முதல் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் எனக்குத் தெரியவில்லை. உனக்கு நற்கருணைக் கிண்ணத்தில் இருப்பது கடவுள். எனக்கு அது ரொட்டியும் திராட்சரசமும்தான். ரொட்டியும் ரசமும் சாப்பிட்டதற்கு யாராவது இப்படிக் கூனிக் குறுகுவார்களா?

நடந்ததைச் சொல்கிறேன். போன டிசம்பரில் எங்கள் வீட்டுப் புனிதர் நாளுக்கு உறவெல்லாம் கூடியிருந்தது. கடுகு விழுது எடுக்கப்போன என் நாத்தனார் ராத்மிலா, குளிர்பெட்டியிலிருந்து என் ஊசிப் பேனாவோடு வந்தாள். "அண்ணி, உங்களுக்குச் சர்க்கரையா? வாய்விட்டுச் சொல்லக் கூடாதா?" என்று என் முன்னால் இருந்த கேக்கை எடுத்துவிட்டாள். எல்லோரும் என்னைப் பாவமாகப் பார்த்தார்கள். அந்தப் பாவப் பார்வையோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அவள் மகள் கைபேசியில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது சர்க்கரைக்கு இல்ல, குண்டு குறையறதுக்கு!" என்று கத்தினாள். மேசை முழுக்கச் சிரிப்பு. "அப்போ இத்தனை மீனை யாருக்குப் பொரிச்சோம்?" என்றார் மிலுத்தினின் மாமா. மிலுத்தினும் சிரித்தான். கணவன் என்பதற்காக அவன் மட்டும் சிரிக்காமல் இருக்க முடியுமா என்ன? நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

ஊசியை நிறுத்திவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது உண்மை. ஜனவரியில் மருத்துவரிடம் போய் அதே வேலையைச் செய்கிற மாத்திரையை எழுதி வாங்கிக்கொண்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. "ஊசி வாரம் ஒருக்கா, மாத்திரை தினமும். ஏன் மாத்திக்கறீங்க?" என்று அந்தப் பெண் மருத்துவர் கேட்டார். ஊசி என்றால் பயம் என்றேன். எனக்கு ஊசியில் பயமே கிடையாது. ஊசிக்குக் குளிர்பெட்டி வேண்டும், குளிர்பெட்டியை வீடே திறக்கும். மாத்திரைக்குக் கைப்பையின் உள்ஜிப்பு போதும். ஒரே தொந்தரவு, விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்க வேண்டும். அப்புறம் அரை மணி நேரம் வாயில் எதுவும் படக் கூடாது, காபிகூட.

குருத்து ஞாயிறன்று உங்கள் மடத்து விருந்தினர் அறையில் அதைத்தான் விழுங்கியிருந்தேன். முற்றத்துக்கு வந்தால், வாயிற்காப்பு அனீசியா அம்மா தட்டோடு நிற்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் வழக்கமாகத் தருகிற ஒரு கரண்டி செர்ரிப் பழப்பாகு, ஒரு குவளைத் தண்ணீர். "இப்ப வேண்டாம் அம்மா, எதுவும் வாயில வைக்கக் கூடாது" என்றேன். அவர் முகம் மாறியது. "நற்கருணைக்கா வெறும் வயித்தோட இருக்கீங்க?" என்று மெல்லக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறைக் கதவில் நீ நின்றாய், முழங்கை வரை மாவோடு. நீ துறவியான இந்த இருபது வருடத்தில் ஒரு முறைகூட என்னைக் கோயிலுக்குக் கூப்பிட்டதில்லை. அப்போதும் கூப்பிடவில்லை. சும்மா பார்த்தாய். சோரிட்சா, ஒரு மனித முகம் அப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, "இல்லடி, இளைக்கிற மாத்திரை போட்டிருக்கேன்" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கோயிலில், நற்கருணை வரிசையில் காவ்ரிலோ சாமி கேட்டார்: "நோன்புதானே மகளே? காலையில ஒண்ணும் சாப்பிடலையே?" "ஒண்ணும் சாப்பிடல சாமி" என்றேன். வாரம் முழுக்கவே சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை, குமட்டலில். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சிவப்புத் துணியைத் தாடைக்குக் கீழே பிடித்தார்கள், ரசத்தில் ஊறிய ரொட்டியோடு கரண்டி வந்தது. வெளியே வந்ததும் நீ என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்து, "எவ்ளோ இளைச்சுட்ட! தவக்காலம் முழுக்கவா?" என்று கேட்டாய். நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்"தான் பொய்.

எழுதிவிட்டேன். அனுப்புவேனா என்று தெரியவில்லை.

நெவென்கா


நோவி சாத்
14 ஏப்ரல், மாலை

அன்புள்ள சோரிட்சா,

உன் ஈஸ்டர் வாழ்த்து வந்தது. கூட நீ அனுப்பிய சிவப்பு ஈஸ்டர் முட்டை ஒன்றுகூட உடையாமல் வந்து சேர்ந்ததற்கு அஞ்சல்காரருக்குத்தான் கோயில் கட்ட வேண்டும். நதி இந்த வாரம் ஏறியிருக்கிறது, அலுவலகத்தில் நாள் முழுக்க நீர்மட்டம் பார்ப்பதே வேலை. மிலுத்தின் நலம். மடத்தில் என்னைக் கவனித்துக்கொண்டதற்கு எல்லோருக்கும் நன்றி சொல்.

நீ எழுதியிருந்த "கிறிஸ்து உயிர்த்தார்" என்பதற்கு: உண்மையாகவே உயிர்த்தார்.

உன் நெவென்கா


பேதுரு பவுல் மடம்
2 மே

கிறிஸ்து உயிர்த்தார், என் நெவென்கா!

அடி கள்ளி, இருபது வருடமாக இந்த வாழ்த்துக்கு நீ எழுதியதெல்லாம் என்ன? "வாழ்த்துக்கு நன்றி, வானிலை நன்று." இந்தத் தடவை ஒழுங்காகப் பதில் வாழ்த்து எழுதியிருக்கிறாய். வாசித்துவிட்டுக் கடிதத்தை மாவு டப்பாவுக்குள் வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தேன். அனீசியா அம்மா அதைக் கண்டெடுத்து, "மக்ரினா, பேராசிரியரம்மா கடிதத்தைப் பிசைஞ்சு ரொட்டியா சுடப் போறியா?" என்கிறார். நீ பேராசிரியர் இல்லை, ஆற்றுத் தண்ணீரை அளக்கிறவள் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நீ பேராசிரியர்தான். மடத்துத் தலைவியான தாயார், வருகிற பக்தர்களிடமெல்லாம் உன் கதையைத்தான் சொல்கிறார்: படித்தவள், எதையும் நம்பாதவள், ஒரே தவக்காலத்தில் உள்ளும் புறமும் மாறி வந்து நின்றாள் என்று. கேட்கும்போது எனக்குக் கண் கலங்கிவிடுகிறது, வெங்காயம் நறுக்குகிற சாக்கில் திரும்பிக்கொள்கிறேன்.

இன்னொன்று சொல்ல வேண்டும். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? பெல்கிரேடில் படித்தபோது விடுதிப் பையன்கள் நம்மை "இரட்டைப் பீப்பாய்" என்பார்களே, நினைவிருக்கிறதா? நீ அழமாட்டாய், நானும் அழமாட்டேன். ரயில் நிலையத்துக்குப் போய் ஆளுக்கு ஒரு தட்டு இறைச்சி அப்பம் தின்றுவிட்டு அவன்களைத் திட்டுவோம். மடத்துக்கு வந்தபோது பீப்பாய் என்கிற பெயர் வெளியே நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. வருடத்தில் பாதி நாளுக்கு மேல் நோன்பு இருக்கிறோம். இறைச்சியும் பாலும் இல்லாத நோன்புச் சாப்பாடு என்றால் என்ன? ரொட்டி, உருளைக்கிழங்கு, பீன்ஸ், வால்நட் அப்பம். அத்தனையும் ஆக்குகிறவள் நான், ருசி பார்க்கிறவளும் நான். போன கோடையில் ஒரு பக்தர் அவர் மனைவியிடம் சொன்னதைக் கேட்டேன்: "இந்த அம்மா ராத்திரியில அடுப்படிக்குப் போயிடும்போல." நெவென்கா, நான் ஒரு நாளும் போனதில்லை. ஆனாலும் திருடி மாதிரி முகம் சிவந்துவிட்டது.

உன்னைப் பார்த்த அன்று புரிந்தது. நம்பாதவள் ஒருத்தி ஒரே ஒரு நோன்பு உண்மையாக இருந்தாள், உடம்பு கேட்டது. நான் இருபது வருடம் இருந்தேன், உடம்பு கேட்கவில்லை. அப்படியானால் என் நோன்பில்தான் பொய் இருந்திருக்கிறது. காவ்ரிலோ சாமியிடம் ஆசி கேட்டிருக்கிறேன். வரப்போகிற அப்போஸ்தலர் நோன்பில் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் ரொட்டியும் தண்ணீரும் மட்டும். நீ காட்டிய வழி.

உன்னை இரண்டு கையாலும் அணைத்து,
மடத்துக்கு மக்ரினா, உனக்கு மட்டும் இன்னும் சோரிட்சா (பீப்பாய் எண் இரண்டு)


நோவி சாத்
20 மே

அன்புள்ள சோரிட்சா,

உன் கடிதத்தைப் பல முறை வாசித்தேன். நீ சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாய் என்று போன வருடம் சொன்னாயே? மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். மருத்துவரைக் கேட்காமல் எதுவும் செய்யாதே. என்னைப் பார்த்துச் செய்வதாக எழுதியிருக்கிறாய், தயவுசெய்து என்னைப் பார்த்துச் செய்யாதே. என் உடம்பு வேறு, உன் உடம்பு வேறு. நான் அப்படியொன்றும் செய்துவிடவில்லை. தாயாரிடமும் சொல், என் கதையைச் சொல்ல வேண்டாம் என்று. எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இங்கே ஸ்ட்ராபெர்ரி வந்துவிட்டது.

உன் நெவென்கா


பேதுரு பவுல் மடம்
16 ஜூன்

என் நெவென்கா,

"நான் அப்படியொன்றும் செய்துவிடவில்லை" என்று நீ எழுதியதைத் தாயாரிடம் வாசித்துக் காட்டினேன். "பார்த்தியா, உண்மையா நோன்பு இருந்தவ இப்படித்தான் பேசுவா" என்றார். இப்போது உன் பணிவையும் சேர்த்துச் சொல்கிறார். தப்பிக்க வழியில்லை உனக்கு!

நோன்பு தொடங்கிவிட்டது. இடைக்கயிற்றில் இன்னும் ஒரு முடிச்சு உள்ளே போட்டேன். சந்தோஷப்பட்டேன், உடனே சந்தோஷப்பட்டதற்கு வெட்கப்பட்டேன். துறவிக்கு இடுப்பு அளவில் என்ன சந்தோஷம்? ஆனாலும் தண்ணீர்த் தொட்டியில் முகம் பார்த்தேன், ஒப்புக்கொள்கிறேன். காலை ஜெபத்தில் சில நேரம் மெழுகுத்திரி இரண்டிரண்டாகத் தெரிகிறது, கை நடுங்குகிறது. சோதனைதான். தாங்கிக்கொண்டால் போய்விடும். மாத்திரையெல்லாம் தவறாமல் போடுகிறேன், நீ திட்டாதே.

ஜூலை பன்னிரண்டு எங்கள் மடத்துத் திருநாள். வா. ஞாயிற்றுக்கிழமைதான், உன் நதி ஒரு நாள் அளக்காமல் விட்டால் ஓடிப்போய்விடாது. இரண்டு பேரும் சேர்ந்து வரிசையில் நிற்போம். அதற்காகத்தான் இத்தனையும் என்றுகூட நினைத்துக்கொள்கிறேன். கடவுள் மன்னிக்கட்டும்.

உன் மக்ரினா


நோவி சாத்
29 ஜூன்

சோரிட்சா,

தாயார் நேற்று என்னை அழைத்தார். அடுப்பு முன்னால் மயங்கி விழுந்தாய் என்றார். கையில் சூடு பட்டிருக்கிறது, நகர மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள், சர்க்கரை மிகவும் இறங்கிக் கிடந்தது, இப்போது பேசுகிறாய் என்றார். "உங்களுக்காக எங்களை ஜெபிக்கச் சொல்லி மக்ரினா கேட்டுச்சு" என்றும் சொன்னார். எனக்காக!

ஏப்ரலில் உனக்கு ஒரு கடிதம் எழுதினேன். அனுப்பவில்லை. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இருப்பதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. ஒன்றே ஒன்று: உன் நோன்பில் பொய் எதுவும் இருந்ததில்லை. பொய் என்னுடையதில்தான் இருந்தது. மாத்திரை போட்டுத்தான் இளைத்தேன், வேறு எதனாலும் இல்லை.

முதலில் நீ நன்றாகச் சாப்பிடு. பிறகு வாசி.

நெவென்கா


நகர மருத்துவமனை
4 ஜூலை

நெவென்கா,

முதலில் வாசித்தேன். பிறகுதான் சாப்பிட்டேன், அதுவும் பக்கத்துக் கட்டில் அம்மா கரண்டியை வாயருகே கொண்டுவந்து மிரட்டியதால்.

சிரிப்பு வருகிற இடங்களில் சிரித்தேன். மீன் பொரித்த மாமாவை எனக்குப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது. "ம்" என்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டேன். அப்புறம் மேலே தேதியைப் பார்த்தேன். ஏப்ரல் பதினான்கு. அன்று மாலையே எனக்கு வேறு கடிதம் எழுதியிருக்கிறாய். "உண்மையாகவே உயிர்த்தார்" அந்தக் கடிதத்தில்தான் இருந்தது, அடி பாவி. என் ஆசைக்கு எலும்புத்துண்டு போட்டாயா?

நீ மாத்திரை சாப்பிட்டதில் எனக்குக் கோபமில்லை. வரிசையில் நின்றது பற்றி நீ காவ்ரிலோ சாமியிடம் பேசிக்கொள், அது என் கணக்கு இல்லை. என் கோபம் வேறு. மே மாதம் நான் என் அசிங்கத்தையெல்லாம் உனக்கு எழுதினேன். திருடி மாதிரி முகம் சிவந்தது என்று எழுதினேன். அப்போது உன் கைப்பையில் அந்த மாத்திரை இருந்தது. "அடியே, எனக்கும் அதேதான்டி" என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இரண்டு பீப்பாய்களில் ஒன்று உருண்டு போனதும், மற்றது தன்மேல்தான் ஏதோ குற்றம் என்று நினைத்துக்கொண்டது. தனியாக வெட்கப்பட விட்டுவிட்டாயே!

நம்பாதவள் வெட்கப்பட முடியுமா என்கிற உன் கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. நீயே வைத்துக்கொள்.

இப்போது நான் சொல்வதைக் கேள், நீ மட்டும்தான் ஒளித்தாய் என்று நினைக்காதே. போன வருடமே இங்குள்ள மருத்துவர் எனக்கு அந்த ஊசியைச் சொன்னார். சர்க்கரைக்கும் ஆகும், எடைக்கும் ஆகும் என்றார். வேண்டாம் என்றேன். எங்களுக்கு இருப்பது ஒரே குளிர்பெட்டி. பாலாடைக்கட்டி எடுக்க வருகிற சகோதரிகள் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள். நோன்பு இருந்தும் ஊசி போட்டுத்தான் இளைக்கிறாள் என்பார்கள். அதனால் பழைய மாத்திரையே போதும் என்று இருந்துவிட்டேன். உன்னுடைய அதே குளிர்பெட்டிதான், பார்த்தாயா? வேறு வீடு, அவ்வளவே.

உன் கடிதம் வந்த மறுநாள் மருத்துவரிடம், "ஊசிக்குப் பதிலா மாத்திரை இருக்காமே?" என்று கேட்டேன். அவர் விளக்கினார், வெறும் வயிறு, ஒரு மிடறு தண்ணீர், அரை மணி நேரம். நான் யோசித்தேன். திருவழிபாட்டுக்கு முன்னால் எனக்கு ஒரு மிடறு தண்ணீரும் கூடாது. மருந்துக்கு விதிவிலக்கு உண்டு என்று சாமி சொல்வார், தெரியும். ஆனால் வாரத்தில் பல நாள் விதிவிலக்கு வாங்கிக்கொண்டு வாழ எனக்கு இஷ்டமில்லை. ஊசி வாய்க்குள் போவதில்லை. நோன்பு கெடாது. உனக்கு மறைக்க மாத்திரை சரி, எனக்கு நோன்பு காக்க ஊசிதான் சரி என்று ஆகிவிட்டது. என்னைப் பற்றி மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்கிற பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. மருத்துவர் ஊசியைப் பற்றித் தாயாரிடம் பேசிவிட்டார். திரும்பிப் போகிறபோது எந்த முகத்தோடு அந்தக் குளிர்பெட்டிக் கதவைத் திறப்பேன், தெரியவில்லை.

திருநாளுக்குள் என்னை விட மாட்டார்கள். நீ போ. தாயார் உன்னை எதிர்பார்க்கிறார், உன் கதையை அன்றைக்கு வருகிற கூட்டத்துக்கும் சொல்லப் போகிறார். நான் அவரிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அது உன் வாயால் வர வேண்டியது. வராவிட்டால் எனக்கு இனி எழுதாதே. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை, நெவென்கா. உன் கடிதத்தைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் இதில் என்ன இல்லை என்று தேடிக்கொண்டிருக்க என்னால் முடியாது.

மக்ரினா


பேதுரு பவுல் மடம், விருந்தினர் அறை
11 ஜூலை, பிற்பகல்

அன்புள்ள மக்ரினா,

இந்தப் பெயரை இப்போதுதான் முதல்முறை எழுதுகிறேன். கை கொஞ்சம் தயங்குகிறது, பழகிவிடும்.

வந்துவிட்டேன். பேருந்திலிருந்து இறங்கி மேட்டில் ஏறும்போதே அனீசியா அம்மா வாசலில் நின்று, "பேராசிரியரம்மா வந்துட்டாங்க!" என்று குரல் கொடுத்தார். உன் அடுப்பில் வேறொரு சகோதரி நிற்கிறார், பாவம், நாளைக்கு வருகிற கூட்டத்துக்கு மீன் போதாது என்று அழாத குறை. நான் உருளைக்கிழங்கு உரித்துக் கொடுத்தேன். "அவங்க உரிச்ச கிழங்கு ஆசீர்வாதம்" என்று யாரோ சொன்னார்கள். கத்தி கையை வெட்டிவிட்டது.

சொல்வேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க விரும்பவில்லை. என் வாக்கின் மதிப்பு உனக்குத் தெரியும். காலையில் தாயாரைத் தனியாகப் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் திட்டம் போட்டேன். தனியாகச் சொன்னால் அவர் மன்னிப்பார், கதையைச் சொல்லாமல் விட்டுவிடுவார், யாருக்கும் தெரியாமல் எல்லாம் முடிந்துவிடும். அதுவும் ஒரு உள்ஜிப்புதான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் கூட்டத்துக்கு முன்னால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வாய் வறண்டுபோகிறது, மாத்திரையால் இல்லை.

கடிதத்தை மூடாமல் வைக்கிறேன். நாளை நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்புகிறேன். நான் வாயைத் திறக்கவில்லை என்றால் அதையும் எழுதுவேன்.

12 ஜூலை

விடியற்காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு முற்றத்துக்கு வந்தேன். கிராகுயேவாட்சிலிருந்து ஒரு பேருந்து நிறையப் பெண்கள் வந்திருந்தார்கள். வால்நட் மரத்தடியில் அனீசியா அம்மா தட்டோடு சுற்றிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் வந்ததும் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இவங்களுக்கு இல்ல. இவங்க நோன்பு. குருத்து ஞாயித்துக்கும் இங்கதான் நற்கருணை வாங்கினாங்க. நம்ம மக்ரினா அளவு இருந்தாங்க முன்ன, இப்ப பாருங்க!" பெண்கள் பார்த்தார்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள்.

உன் பெயரைச் சொல்லி உன் உடம்பை அளவுகோலாக வைத்ததால்தான் என் வாய் திறந்தது என்று நினைக்கிறேன். நிச்சயமாகத் தெரியாது.

"நோன்பு இல்ல அம்மா" என்றேன். "மாத்திரை போட்டிருக்கேன். போட்டா அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது."

"தலைவலியா?" என்றார்.

"உடம்பு இளைக்கிற மாத்திரை. அன்னிக்கும் அதான். குருத்து ஞாயித்துக்கும் அதான் காரணம். உங்ககிட்ட சொல்லல. மக்ரினாகிட்டயும் சொல்லல. அவ என்னைப் பாத்து நோன்பு இருந்துதான் விழுந்தா."

அனீசியா அம்மாவின் தட்டில் கரண்டிகள் ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன. பேசியது கிராகுயேவாட்ஸ் பெண்களில் பருத்த ஒருத்தி:

"ஊசி இல்லாமலா? மாத்திரையாவே வருதா?"

"அடி சும்மா இருடி, கோயில்ல நின்னுக்கிட்டு!" என்று இன்னொருத்தி அதட்டினாள். அதட்டியவளே என் பக்கம் குனிந்து, "பேரு என்ன சொன்னீங்க? என் மருமக ஊசின்னா தெருக்கோடி வரைக்கும் ஓடுறா" என்றாள். அதற்குள் என்னைச் சுற்றி ஒரு வட்டம். வாந்தி வருமா, நிறுத்தினால் மறுபடி ஏறுமா, இதயத்துக்கு ஆகாதாமே என்று கேள்விகள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், மருத்துவரைக் கேளுங்கள் என்றேன். மணி அடித்தது. ஒருத்தியும் நகரவில்லை.

தாயார் படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்று அப்போதுதான் பார்த்தேன்.

"மணி அடிச்சாச்சு. உள்ள போங்க" என்றார். எல்லோரும் போனார்கள். என்னைப் பார்த்து, "நீ கதவுகிட்ட நில்லு" என்றார்.

நின்றேன். எல்லோரும் கையை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு கிண்ணத்தை நோக்கிப் போனபோது நான் கதவருகே நின்றேன். அங்கே நிற்பது எனக்குப் பொருத்தமாக இருந்தது. காவ்ரிலோ சாமி வெளியே வந்தபோது அவரிடமும் சொன்னேன். "நம்பிக்கை வந்தா வா, அப்ப பேசலாம். வரலைன்னாலும் வா" என்றார். பந்தியில் தாயார் வழக்கம்போல் பேசினார். என் கதை அதில் இல்லை. அனீசியா அம்மா கடைசி வரை எனக்குத் தட்டு கொண்டுவரவில்லை, என்னைப் பேராசிரியர் என்று கூப்பிடவும் இல்லை. அதைக் குறையாக எழுதவில்லை.

பேருந்துகள் போன பிறகு தாயார் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டார். திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று போனேன். குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார், பக்கத்தில் அனீசியா அம்மா.

"மக்ரினாவுக்கு ஊசி வருதாம். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். எங்க வைக்கணும்?"

"கதவுல வேண்டாம் அம்மா, திறந்து மூடுறப்ப சூடு ஏறும். பின்பக்கம் ஒட்டியும் வேண்டாம், உறைஞ்சு போயிடும். நடுத்தட்டு, நடுவுல."

இந்த அறிவை நான் யாரிடமும் சத்தமாகச் சொன்னதில்லை. தாயார் கையை உள்ளே விட்டு, நடுத்தட்டிலிருந்த பாலாடைக்கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அனீசியா அம்மாவிடம் கொடுத்தார். "இதை நிலவறைக்குக் கொண்டுபோங்க. இனிமே இங்க வேற எதுவும் வைக்கக் கூடாதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க. ஏன்னும் சொல்லுங்க." அனீசியா அம்மா ஈரத்துணியால் நடுத்தட்டைத் துடைத்தார், ஓரமெல்லாம் ஒட்ட ஒரு தடவை, மறுபடியும் ஒரு தடவை.

நான் கிளம்பும்போது நடுத்தட்டு காலியாக இருந்தது.

நெவென்கா